டிராஃப்ட்ல பேர் வராத ஹாக்கி பசங்கள எப்படித் தேடிப் பிடிக்கிறது: முழுமையான வழிகாட்டி

மார்ட்டின் சான் லூயி. அஞ்சடி எட்டங்குலம் உயரம், வெர்மான்ட் யுனிவர்சிட்டில நாலு வருஷமும் பாயின்ட்டா (கோலும், கோலுக்குக் கொடுத்த பாஸும் சேத்து) குவிச்ச ஆளு, ஆனா வட அமெரிக்காவோட உச்ச ஐஸ் ஹாக்கி லீக்கான என்.ஹெச்.எல்-ஓட டிராஃப்ட்ல, அதாவது டீமுங்க வருஷா வருஷம் இளம் வீரர்கள வரிசையா தேர்ந்தெடுக்கிற நாள்ல, ஒரு டீம் கூட அவர் பேரச் சொல்லல. 1998-ல கால்கரி ஃப்ளேம்ஸ் சைன் பண்ணாங்க, 2000-ல அவங்களே கைவிட்டாங்க, டாம்பா பே லைட்னிங் எடுத்துக்கிட்டாங்க, 2004-ல பாத்தா லீக்லயே அதிக பாயின்ட் அவருதான், லீக்கோட சிறந்த வீரர் விருதும் அவருக்குத்தான், லீக் சாம்பியனுக்குக் கொடுக்கிற ஸ்டான்லி கப்பும் அவங்க டீமுக்குத்தான். 2018-ல ஹால் ஆஃப் ஃபேம் போயிட்டார்.

இது எப்பவோ ஒருதடவ நடந்த அதிசயம்னு நினைச்சிடாதீங்க. மார்க் ஜியோர்டானோவ 2004-ல கால்கரி டிராஃப்ட் இல்லாமதான் எடுத்தாங்க, 2019-ல லீக்கோட சிறந்த டிஃபென்ஸ்மேன் விருது வாங்கினார், அப்ப அவருக்கு வயசு 35. ஜோனதன் மார்ஷசோவும் டிராஃப்ட் ஆகாதவர்தான், 2023 பிளேஆஃப்ல வேகாஸ் கப் அடிச்சப்போ பிளேஆஃபோட சிறந்த வீரருக்கான கான் ஸ்மைத் டிராஃபி அவர் கையில. செர்ஜி பாப்ராவ்ஸ்கி, ஆர்டெமி பனாரின், டோரி க்ரூக், மாட்ஸ் சுக்கரெல்லோ, லிஸ்ட் போட்டா போயிட்டே இருக்கும்.

நான் பல வருஷமா காலேஜ் ஹாக்கியும் ஜூனியர் ஹாக்கியும் விடாம பாக்குறவன், நோட்டு போட்டு எழுதி வைக்கிறவன். ஐஸ் ஹாக்கி பிடிக்கும், வெறும் ரசிகனா இல்லாம ஒரு ஸ்கவுட் (டீமுக்கு ஆள் தேடுறவர்) மாதிரி பாக்கக் கத்துக்கணும்னு நினைக்கிறவங்களுக்காக இத எழுதுறேன். மொத்த வேலையும் ஒரே ஒரு கேள்வில அடங்கிடும்: இவன ஏன் எல்லாரும் விட்டாங்க, அந்தக் காரணம் இன்னைக்கும் உயிரோட இருக்கா? கீழ நான் சொல்ற ஒவ்வொரு படியும் இந்தக் கேள்விக்குப் பதில் தேடுறதுக்குத்தான்.

படி 1: யாரு ஃப்ரீனு (எந்த டீமும் சைன் பண்ணலாம்னு இருக்கிறவன்) முதல்ல தெரிஞ்சுக்கங்க

டிராஃப்ட்ல ஏழு ரவுண்டு, 32 டீம், மொத்தம் 224 பேர். உலகம் முழுக்க ஒரு வயசுல எத்தனை ஆயிரம் பசங்க ஆடுறாங்கனு யோசிச்சீங்கனா 224-ங்கிறது ஒரு கைப்பிடிதான்.

செப்டம்பர் 15-க்குள்ள 18 வயசு முடிஞ்சவன் அந்த வருஷ டிராஃப்ட்டுக்குத் தகுதி ஆகுறான். வட அமெரிக்கப் பசங்களுக்கு 20 வயசு ஆகுற வருஷ டிராஃப்ட்தான் கடைசி. இதுல ஒரு சின்ன சூட்சுமம் இருக்கு, 2005 ஜூன்ல பிறந்தவனுக்கு 2023, 2024, 2025னு மூணு டிராஃப்ட் கிடைக்கும், அதே 2005 நவம்பர்ல பிறந்தவனுக்கு 2024, 2025னு ரெண்டுதான். மூணு தடவ எல்லா டீமும் பாத்துட்டு விட்டவனும் ரெண்டு தடவ மட்டும் பாத்துட்டு விட்டவனும் ஒண்ணு கிடையாது, அதனால பேருக்குப் பக்கத்துல பிறந்த தேதிய கண்டிப்பா எழுதுங்க. ஐரோப்பால ஆடுற பசங்களுக்கு இது இன்னும் கொஞ்சம் நீளும், 22 வயசு வாக்குலதான் முழுசா ஃப்ரீ ஆகுறாங்க.

கடைசி டிராஃப்ட் வரைக்கும் காத்திருக்கணும்னும் இல்ல. டிராஃப்ட்ல பேர் வராத 18, 19 வயசு ஜூனியர் பசங்கள செப்டம்பர் கேம்ப்புக்குக் கூப்பிட்டு, பிடிச்சுப்போனா அங்கயே சைன் பண்ணிடுவாங்க. ஃபிலிப் மையர்ஸ் அப்படித்தான், 2015 டிராஃப்ட்ல யாரும் எடுக்கல, அதே செப்டம்பர்ல ஃபிலடெல்ஃபியா சைன் பண்ணாங்க.

இன்னொரு கூட்டமும் இருக்கு, குழப்பிக்காதீங்க. டிராஃப்ட் ஆகி, நாலு வருஷம் காலேஜ் முடிச்சு, எடுத்த டீமோட சைன் பண்ணாம ஆகஸ்ட் 15 வரைக்கும் காத்திருந்து ஃப்ரீ ஆகுறவங்க. 2016-ல ஜிம்மி வீஸி, 2017-ல வில் புட்சர் ரெண்டு பேருமே இந்த வழிதான். ரெண்டு பேருமே காலேஜ் ஹாக்கியோட பெரிய விருதான ஹோபி பேக்கர் வாங்கினவங்க, ஊருக்கே தெரிஞ்ச பேரு. அவங்கள கண்டுபிடிக்க ஸ்கவுட் தேவையில்ல, பேசி சம்மதிக்க வைக்கத்தான் ஆள் வேணும்.

படி 2: ஏன் விட்டாங்கனு ஒரே வரில எழுதுங்க

இதுதான் இந்த வேலையோட உயிர், அவசரப்படாதீங்க. ஒவ்வொரு பேருக்கும் கீழ "விட்ட காரணம்"னு ஒரு வரி. எழுத வரலனா அந்தப் பையன நீங்க இன்னும் சரியா பாக்கலன்னு அர்த்தம்.

நான் பாத்த வரைக்கும் காரணம் சுத்திச் சுத்தி சில இடத்துலதான் வந்து நிக்கும். முதல்ல உயரம். சான் லூயி, சுக்கரெல்லோ, க்ரூக், மார்ஷசோ, யானி கூர்ட் எல்லாருமே அஞ்சடி எட்டு ஒன்பது அங்குலம்தான். மூர்த்தி சிறுசானாலும் கீர்த்தி பெருசுனு நம்ம ஊர்ல சும்மாவா சொன்னாங்க. ஆனா குட்டையா இருக்கிறவன் எல்லாம் சான் லூயி ஆகிட மாட்டான், குட்டையா இருந்தும் ஏதாவது ஒரு விஷயத்துல லீக்லயே முதல் ஆளா இருக்கணும், அது வேகமோ, கையோ, மூளையோ. எல்லாத்துலயும் "பரவால்ல" ரகமா இருக்கிற குட்டைப் பையன் மேல ஏறி வர்றது ரொம்ப கஷ்டம்.

ரெண்டாவது, லேட்டா வளர்ந்தவன். 17 வயசுல ஒல்லியா, கால் நீளத்துக்கு உடம்பு ஒத்துழைக்காம ஸ்கேட் பண்ணிட்டு இருந்தவன், 21 வயசுல ஆறடி ரெண்டங்குலம், 90 கிலோனு வந்து நிப்பான். 17 வயசுல அவனப் பாத்தவங்க எழுதுன ரிப்போர்ட் அப்ப சரிதான், ஆனா இன்னைக்கு அது வேற ஒருத்தனப் பத்தின ரிப்போர்ட். டேனி டிகைசர் கனடாவோட பி.சி.ஹெச்.எல், அப்புறம் அமெரிக்காவோட யூ.எஸ்.ஹெச்.எல்-னு ஜூனியர் லீக்ல ஆடிட்டு வெஸ்டர்ன் மிச்சிகன் காலேஜுக்குப் போனார், 2013 மார்ச்ல அவருக்காக டீமுங்க போட்டி போட்டுச்சு, கடைசில டெட்ராய்ட் போனார். இந்த ரகம் எனக்கு ரொம்பப் பிடிக்கும், ஏன்னா இங்க விட்ட காரணம் உண்மையிலயே செத்துப்போச்சு.

மூணாவது, யாரும் பாக்காத இடம். பாப்ராவ்ஸ்கி ரஷ்யாவுல நோவோகுஸ்னெட்ஸ்க் டீமுக்கு ஆடினார். சைபீரியா பக்கம், டீம் தோத்துக்கிட்டே இருக்கும், கோலியோட (கோல்கீப்பரோட) வெற்றி தோல்விக் கணக்கப் பாத்தா ஒருத்தனும் திரும்பிப் பாக்க மாட்டான். 2010 மே மாசம் ஃபிலடெல்ஃபியா சைன் பண்ணாங்க, வந்த முதல் சீசன்லயே 28 வெற்றி. அப்புறம் சிறந்த கோலிக்கான வெசினா டிராஃபி ரெண்டு தடவ, ஃப்ளோரிடாவோட 2024, 2025னு ரெண்டு கப். தோக்குற டீம்ல இருக்கிற நல்ல கோலிய கண்டுபிடிக்கிறது மாதிரி சந்தோஷம் இந்த வேலைல வேற கிடையாது.

நாலாவது காயம். டிராஃப்ட் வருஷத்துல கால் உடைஞ்சு உக்காந்தவன். டீனோ சிசரெல்லி கதை இதுதான், ஜூனியர்ல தொடை எலும்பு உடைஞ்சதால எல்லாரும் பயந்தாங்க, கடைசில என்.ஹெச்.எல்-ல 600 கோலுக்கு மேல அடிச்சார்.

அஞ்சாவது, ஸ்கேட்டிங். இங்கதான் கவனம். உடம்பு வளரும், காயம் ஆறும், ஊர் மாறும், ஆனா 22 வயசுக்கு மேல ஒருத்தன் ஸ்கேட்டிங் தலைகீழா மாறுறது அபூர்வம். "ஸ்கேட்டிங் போதாது"னு விட்டிருந்தா அந்தக் காரணம் இன்னும் உயிரோடதான் இருக்கும்னு வச்சுக்கிட்டே பாருங்க, இல்லன்னு அவன் நிரூபிக்கட்டும்.

படி 3: எங்க தேடுறது

முதல் இடம் அமெரிக்க காலேஜ், அதாவது என்.சி.ஏ.ஏ (காலேஜ் விளையாட்ட நடத்துற அமைப்பு) முதல் டிவிஷன். அறுபதுக்கு மேல டீம் இருக்கு. டீமுங்க குழுக் குழுவா ஆடுவாங்க, அதுல ஹாக்கி ஈஸ்ட், என்.சி.ஹெச்.சி, பிக் டென் மூணும் பலமானது, ஈ.சி.ஏ.சி, சி.சி.ஹெச்.ஏ அடுத்து, அட்லாண்டிக் அதுக்கும் அடுத்து. ஆனா பெரிய பேரு டீமுக்குப் போனா அங்க ஏற்கனவே இருபது ஸ்கவுட் உக்காந்திருப்பாங்க. கேம் டால்பட் ஆடினது அலபாமா ஹன்ட்ஸ்வில்லுக்கு, அலபாமால ஐஸ் ஹாக்கியானு கேக்குறவங்க இன்னைக்கும் இருக்காங்க, அங்க இருந்துதான் 2010-ல நியூயார்க் ரேஞ்சர்ஸ் தூக்கினாங்க. நிக்கோ ஸ்டுர்ம் ஜெர்மனிக்காரர், கிளார்க்சன்ல ஆடினார், 2019-ல மினசோட்டா எடுத்தாங்க, 2022-ல கொலராடோவோட ஒரு கப், 2025-ல ஃப்ளோரிடாவோட இன்னொண்ணு.

ரெண்டாவது கனடா மேஜர் ஜூனியர், 20 வயசு வரைக்கும் உள்ள பசங்க ஆடுற மூணு லீக். இங்க 20 வயசு பசங்கள "ஓவரேஜர்"னு சொல்லுவாங்க, ஒரு டீம் மூணு பேரத்தான் வச்சுக்க முடியும். இந்த மூணு பேரு லிஸ்ட்ட வருஷா வருஷம் எடுத்து வச்சுக்கங்க. யானி கூர்ட் 2011-12-ல விக்டோரியாவில் (Victoriaville)-ங்கிற ஊர் டீமுக்கு ஓவரேஜரா ஆடி 124 பாயின்ட் அடிச்சு க்யூபெக் லீக்ல முதல் இடம், அப்பவும் உடனே யாரும் என்.ஹெச்.எல் கான்ட்ராக்ட் கொடுக்கல.

இங்க ஒரு பெரிய மாற்றம் நடந்திருக்கு, பழைய கணக்குலயே தேடுனா ஏமாந்திடுவீங்க. 2024 நவம்பர்ல என்.சி.ஏ.ஏ ஓட்டு போட்டு, கனடா மேஜர் ஜூனியர்ல ஆடினவங்களும் 2025 ஆகஸ்ட்ல இருந்து காலேஜ்ல ஆடலாம்னு முடிவு பண்ணிட்டாங்க. முன்னாடி 20 வயசுல ஜூனியர் முடிச்சவனுக்கு சைன் ஆகலன்னா சின்ன புரொஃபஷனல் லீக்கோ கனடா யுனிவர்சிட்டியோதான் வழி. இப்ப அவன் மிச்சிகனுக்கோ மெய்னுக்கோ போய் இன்னும் ரெண்டு மூணு வருஷம் ஆடுவான். அதனால 20 வயசுல முடிவு எடுக்க வேண்டிய பேருங்க இனி 22, 23 வயசுலதான் பழுக்கும், காலேஜ் ஹாக்கியோட தரமும் ஏறும். என் கணிப்புல இனி வசந்த காலத்து காலேஜ் சந்தைதான் எல்லாத்துக்கும் மேல நிக்கும்.

மூணாவது ஐரோப்பா. ஸ்வீடன், ஃபின்லாந்து, சுவிட்சர்லாந்து, செக், ஜெர்மனி, அப்புறம் ரஷ்யாவோட கே.ஹெச்.எல். இங்க கிடைக்கிறவன் பெரியவங்களோட ஆடி ஆடித் தேறினவன். பனாரின் 2015-ல எஸ்.கே.ஏ சென்ட் பீட்டர்ஸ்பர்க்கோட ககாரின் கப் ஜெயிச்ச கையோட சிகாகோ வந்தார், முதல் சீசன்லயே 77 பாயின்ட், சிறந்த புதுமுகம் விருது. ஒண்ணு மட்டும் மறக்காதீங்க, அங்க ஐஸ் பல இடத்துல 30 மீட்டர் அகலம், என்.ஹெச்.எல்-ல 26 மீட்டர்தான். அந்த நாலு மீட்டர் காணாம போனதும் திணறிப்போன பசங்க நிறைய. அதனால ஐரோப்பா வீடியோ பாக்கும்போது நடு ஐஸ்ல அவன் என்ன வித்தை காட்டுறான்னு பாக்காதீங்க, போர்டு ஓரத்துல ரெண்டு பேர் நெருக்கும்போது என்ன பண்ணுறான்னு பாருங்க.

கனடா யுனிவர்சிட்டியயும் ஒதுக்கிடாதீங்க, லோகன் தாம்ப்சன் ப்ராக் யுனிவர்சிட்டில ஆடிட்டு, ஈ.சி.ஹெச்.எல் (என்.ஹெச்.எல்-க்கு ரெண்டு படி கீழ இருக்கிற லீக்) போயி, அப்புறம் வேகாஸ் வந்த கோலி.

படி 4: நம்பர், ஆனா வயச விட்டுட்டுப் பாக்காதீங்க

காலேஜ்ல 38 கேம்ல 45 பாயின்ட்னு பாத்ததும் மனசு துள்ளும். உடனே வயசப் பாருங்க. காலேஜ் பசங்க பலபேர் ஜூனியர் ஆடி முடிச்சிட்டு 20 வயசுலதான் முதல் வருஷமே சேருவாங்க, கோவிட் நேரத்துல கூடுதலா ஒரு வருஷம் வேற கொடுத்தாங்க, அதனால 24, 25 வயசுக்காரங்க கூட ஆடினாங்க. 24 வயசுக்காரன் 18 வயசுப் பையன் மேல ஏறி கோல் அடிக்கிறது திறமையா, தசையா?

நானே இதுல அடி வாங்கியிருக்கேன். ஒரு வருஷம் ஒரு விங்கர் மேல அவ்வளவு நம்பிக்கை, கோல் மேல கோல், நண்பர்கள் எல்லார்கிட்டயும் இவன் வருவான் வருவான்னு சொல்லிட்டு இருந்தேன். சீசன் முடிஞ்சு பொறுமையா பிரிச்சுப் பாத்தப்பதான் தெரிஞ்சுது, பாதிக்கு மேல பவர் பிளே (எதிரில ஒருத்தன் பெனால்டில வெளிய இருக்கிற நேரம்) கோல், ஷூட்டிங் சதவீதம் இருபதுக்கு மேல, வயசு 24. புரொஃபஷனல் லீக்ல முதல் பவர் பிளே யூனிட்ல அவனுக்கு இடமே கிடைக்கல, ரெண்டு பக்கமும் முழு ஆளோட அஞ்சுக்கு அஞ்சு ஆடும்போது அவன்கிட்ட பக் (ஆட்டத்துல அடிக்கிற ரப்பர் வட்டு) வர்றதே அபூர்வமாப் போச்சு. அன்னைல இருந்து நான் எந்த நம்பரையும் இப்படித்தான் உடைக்கிறேன்: அஞ்சுக்கு அஞ்சு பாயின்ட் எத்தனை, அதுல நேரடி அசிஸ்ட் எத்தனை, எத்தனை ஷாட் அடிச்சு அந்த கோல் வந்துச்சு. ஃபார்வர்டுக்கு ஷூட்டிங் சதவீதம் பத்து பன்னெண்டு சுத்திதான் நிக்கும், இருபது தாண்டினா அடுத்த வருஷம் அது இறங்கும்னு எடுத்துக்கிட்டே கணக்கு போடுங்க. ஷாட் எண்ணிக்கை வருஷா வருஷம் ஏறுதானு பாருங்க, அது பொய் சொல்லாது.

லீக்குக்கு லீக் பாயின்ட்டோட மதிப்பு மாறும். கே.ஹெச்.எல் பாயின்ட்டுக்கு மதிப்பு அதிகம், ஸ்வீடன் அடுத்து, ஏ.ஹெச்.எல் (என்.ஹெச்.எல்-க்கு ஒரு படி கீழ இருக்கிற லீக்) அதுக்கு அடுத்து, காலேஜும் ஜூனியரும் அதுக்கும் கீழ. இத ஒரே தராசுல போடுறதுக்கு லீக் சமன்பாட்டுக் கணக்கு இருக்கு, பயன்படுத்துங்க, ஆனா அது வடிகட்டித்தான், தீர்ப்பு கிடையாது. காலேஜ் சீசன்ல ஒருத்தன் நாப்பது கேம் ஆடினா பெரிசு, அவ்வளவு சின்ன சாம்பிள்ல சில கோல் மேல கீழ போறது சாதாரணம்.

படி 5: ரிங்க்குக்குப் போங்க

வீடியோல கேமரா பக் பின்னாடியே ஓடும். நமக்கு வேண்டியது பக் இல்லாத இடத்துல நடக்கிறது. அதனால முடிஞ்சா நேர்ல போங்க, மேல கார்னர்ல உக்காருங்க, ஒரு பீரியட் முழுக்க ஒரே ஒருத்தன மட்டும் பாருங்க. கோல் விழுந்து எல்லாரும் எந்திரிச்சாலும் உங்க கண்ணு அவன் மேலயே இருக்கணும். பெஞ்சுல உக்காந்திருக்கும்போதும் பாருங்க, கோச் திட்டினா எப்படி கேட்டுக்குறான், பக்கத்துல இருக்கிறவன் தப்பு பண்ணா முதுகுல தட்டுறானா, முகத்தத் திருப்புறானா.

காலேஜ் ஹாக்கி பெரும்பாலும் வெள்ளி ராத்திரி, சனி ராத்திரினு அடுத்தடுத்து ஒரே டீமோட ஆடுவாங்க. நான் எப்பவும் சனிக்கிழமை மூணாவது பீரியடுக்குத்தான் அதிக மார்க் கொடுப்பேன். காலு கனத்துப்போயி, எதிரியும் நேத்தே இவன படிச்சு வச்சிட்டு வந்திருக்கிற நேரம் அது. அங்க ஓடுறவன் ஏ.ஹெச்.எல்-ல வாரக் கடைசில மூணு கேம் வந்தாலும் தாங்குவான்.

டிஃபென்ஸ்மேன எப்படிப் பாக்குறதுனு ஒரு விஷயத்த மட்டும் கிட்டப் போய் காட்டுறேன். எதிர் டீம் பக்-அ நம்ம பக்கம் உள்ள அடிச்சுவிடுறாங்க, பக் போர்டுல பட்டு கோலுக்குப் பின்னாடி கார்னருக்கு உருளுது, இவன் திரும்பி அத நோக்கி ஓடுறான், முதுகுக்குப் பின்னாடி ஒரு ஃபோர்செக்கர் (பக்-அப் பிடுங்க விரட்டி வர்ற எதிரி) முழு வேகத்துல வர்றான். இவனுக்கு இருக்கிறது ரெண்டு செகண்டு. இப்ப அவன் தலையப் பாருங்க, பக்க மட்டுமே பாத்துக்கிட்டு ஓடுறானா, இல்ல பக்க அடையிறதுக்கு முன்னாடி இடது தோளுக்கு மேல ஒரு தடவ, வலது தோளுக்கு மேல ஒரு தடவ திரும்பிப் பாக்குறானா? நல்லவன் ரெண்டு தடவ பாப்பான். பக்க தொடுறதுக்கு முன்னாடியே எங்க கொடுக்கணும்னு முடிவு பண்ணியிருப்பான், இடுப்ப ஒரு பக்கம் லேசா சாய்ப்பான், ஃபோர்செக்கர் அந்தப் பக்கம் போவான், இவன் மறுபக்கம் ஒரே அடில சென்டர் ஸ்டிக்குக்கு பாஸ் கொடுத்திட்டு நிமிர்ந்திருப்பான். யாரும் கை தட்ட மாட்டாங்க, கணக்குலயும் எதுவும் ஏறாது. இத ஒரு கேம்ல பத்து தடவ பண்ணினா நோட்டுல அவன் பேருக்குக் கீழ ரெண்டு கோடு போடுங்க.

சின்ன விங்கருக்கு கார்னர் பாருங்க. தன்ன விட 15 கிலோ அதிகமான ஆளு முதுகுல ஸ்டிக்க வச்சு அமுக்கும்போது பக்க இழந்திட்டு ரெஃப்ரி முகத்தப் பாக்குறானா, இல்ல அடிபடப் போற நேரத்த முன்னாடியே உணர்ந்து கால அகட்டி இடுப்ப இறக்கி அந்தத் தள்ளுற வேகத்தயே பயன்படுத்தி வெளிய சுழண்டு வர்றானா. சென்டருக்கு நான் பாக்குறது, நம்ம பக்க ஐஸ்ல அவன் எவ்வளவு ஆழமா இறங்கி வர்றான்ங்கிறது.

கோலி விஷயத்துல பொறுமை வேணும், கோலிங்க லேட்டாத்தான் பழுப்பாங்க. சேவ் சதவீதத்த விட, பக் எதிர்ப் பக்கம் பாஸ் போகும்போது அவன் சறுக்கி விழுறானா இல்ல நின்னபடியே நகந்து முன்னாடியே போய் நிக்கிறானானு பாருங்க.

படி 6: அங்க போய் என்ன வேலை பார்ப்பான்?

காலேஜ்ல முதல் லைன்ல 20 நிமிஷம் ஆடுறவன் என்.ஹெச்.எல்-ல முதல் வருஷம் எட்டு நிமிஷம் ஆடுவான். அந்த எட்டு நிமிஷத்துல அவன் எதுக்கு உதவுவான்? ஃபேஸ் ஆஃப் (ரெஃப்ரி பக்-அப் போட்டு ஆட்டத்த ஆரம்பிக்கும்போது நடக்கிற போட்டி) ஜெயிப்பானா, பெனால்டி கில்ல (நம்ம ஆளு பெனால்டில வெளிய இருக்கிற நேரம்) ஷாட்டுக்குக் குறுக்க விழுவானா, ஃபோர்செக்ல முதல் ஆளா போய் எதிரி டிஃபென்ஸ்மேன தொந்தரவு பண்ணுவானா? ஸ்டுர்ம் ஃபேஸ் ஆஃபும் பெனால்டி கில்லும் வச்சேதான் வண்டிய ஓட்டினார். மினசோட்டா டுலூத்ல நாலு வருஷம் முடிச்சு 2017-ல லாஸ் ஏஞ்சலஸ் போன அலெக்ஸ் ஐயஃபாலோவும் ரெண்டு பக்கமும் உழைக்கிற ஆளு.

அதனால ரிப்போர்ட்ல "உச்சம் என்ன"னு மட்டும் எழுதாதீங்க, "அடித்தளம் என்ன"னும் எழுதுங்க. பவர் பிளே திறமை மட்டும் இருந்து வேற எதுவும் இல்லன்னா, அது க்ரூக் மாதிரி உச்சத்துல இருக்கணும், இல்லன்னா இடம் கிடையாது.

படி 7: ஆளப் பத்தி விசாரிங்க

கோச், முன்னாள் கோச், அவன ஜூனியர்ல வீட்டுல தங்க வச்ச குடும்பம், டீம் சாமான் பாத்துக்கிற அண்ணன், எல்லாருக்கும் ஒரு கதை தெரியும். கடைசியா சொன்ன ஆளுகிட்டதான் நிஜம் அதிகம், ஏன்னா ஸ்டார்ங்க அவர மதிச்சுப் பேசுறாங்களா இல்லையானு அவருக்கு மட்டும்தான் தெரியும். "போன வருஷத்துக்கும் இந்த வருஷத்துக்கும் எதுல முன்னேறியிருக்கான்"னு கேளுங்க, பதில் டக்குனு வரணும். எல்லாராலயும் ஒதுக்கப்பட்டு, ஒவ்வொரு கோடையிலயும் ஒவ்வொரு குறைய சரி பண்ணிக்கிட்டு வர்றவன் வளர்ச்சிக் கோடு இன்னும் மேல போகும், அதுக்குத்தான் நாம காசு கொடுக்குறோம்.

படி 8: கான்ட்ராக்ட் கணக்கும் காலண்டரும்

புதுசா வர்றவன் என்ட்ரி லெவல் கான்ட்ராக்ட்லதான் வரணும். சைன் பண்ற வருஷம் செப்டம்பர் 15 அன்னைக்கு 18-ல இருந்து 21 வயசுனா மூணு வருஷம், 22, 23னா ரெண்டு, 24னா ஒண்ணு, ஐரோப்பால இருந்து வர்றவனுக்கு 25-ல இருந்து 27 வரைக்கும் ஒரு வருஷம். பாப்ராவ்ஸ்கி பிறந்தது செப்டம்பர் 20, 1988. 2010 செப்டம்பர் 15 அன்னைக்கு அவருக்கு இன்னும் 21தான், அதனால மூணு வருஷம். ஒரு வாரம் முன்னாடி பிறந்திருந்தா ரெண்டு வருஷம்தான். பிறந்த தேதிய எழுதுங்கனு முதல்லயே சொன்னேனே, இதுக்கும் சேத்துத்தான். 2026 செப்டம்பர்ல இருந்து லீக்குக்கும் வீரர்கள் சங்கத்துக்கும் புது ஒப்பந்தம் வருது, அதனால சீசன் ஆரம்பிக்கிறப்போ விதிய ஒரு தடவ புதுசா படிச்சிடுங்க.

சம்பளத்துக்கு உச்சவரம்பு இருக்கு, வருஷத்துக்குப் பத்து லட்சம் டாலர் வாக்குலதான், சைனிங் போனஸும் பத்து சதவீதம் தாண்டக் கூடாது. இதோட அர்த்தம், பணக்கார டீம் அதிகக் காசு காட்டி இழுக்க முடியாது. எல்லாரும் ஒரே காசு கொடுக்கும்போது பையன் எதப் பாப்பான்? எனக்கு இடம் இருக்கா, எப்ப ஆட வைப்பீங்க, என்ன யாரு வளர்ப்பாங்க. காலின் கிராஃப் குவின்னிபியாக்ல தேசிய சாம்பியன் ஆன பையன், 2024-ல எத்தனையோ டீம் இருந்தும் அந்த சீசன்ல லீக்லயே கடைசி இடத்துல இருந்த சான் ஹோசே போனார், இடம் காலியா இருந்துச்சு. அதனால உங்க டீமுக்காக லிஸ்ட் போடும்போது அவன் ஆடுற பொசிஷன்ல உங்ககிட்ட ஏற்கனவே எத்தனை பேர் வரிசைல நிக்கிறாங்கனு எண்ணுங்க, அந்தப் பையனோட அட்வைசரும் (ஏஜென்ட் மாதிரி) அதத்தான் எண்ணிட்டு இருப்பார். உங்க பக்கமும் ஒரு எண்ணிக்கை இருக்கு, ஒரு டீம் 50 கான்ட்ராக்ட்டுக்கு மேல வச்சுக்க முடியாது, மார்ச்ல 49-ல நிக்கிற டீம் ரெண்டு பேர ஆசைப்பட முடியாது.

நேரம் ரொம்ப முக்கியம். மார்ச் ஆரம்பத்துல காலேஜ் பிளேஆஃப், மார்ச் கடைசில 16 டீம் தேசியப் போட்டி, ஏப்ரல்ல கடைசி நாலு டீம் மோதுற ஃப்ரோசன் ஃபோர். டீம் தோத்து வெளிய வந்த ஒண்ணு ரெண்டு நாள்ல போன் அடிக்க ஆரம்பிச்சிடும், ஆறின கஞ்சி பழங்கஞ்சிதான். அதனால ஜனவரிக்குள்ள லிஸ்ட் பத்துப் பதினஞ்சு பேரா சுருங்கியிருக்கணும், பிப்ரவரில அட்வைசர்கிட்ட பேசி, இவன் இந்த வருஷம் வெளிய வருவானா இல்ல இன்னொரு வருஷம் படிப்பானானு தெரிஞ்சு வச்சிருக்கணும். சைன் பண்ணும்போது பெரிய பேரம் ஒண்ணு நடக்கும்: கான்ட்ராக்ட்ட இந்த சீசன்ல இருந்தே ஆரம்பிச்சா ஏப்ரல்ல ஒண்ணு ரெண்டு கேம் ஆடினதுக்கே ஒரு வருஷம் கழிஞ்சிடும், பையன் அடுத்த சம்பளத்துக்கு ஒரு வருஷம் முன்னாடியே போயிடுவான். பையனுக்கு அது லாபம், டீமுக்கு நஷ்டம். அத விட்டுக்கொடுக்கத் தயாரா இல்லையானு முன்னாடியே டீமோட ஜெனரல் மேனேஜரான ஜி.எம்.கிட்ட கேட்டு வச்சுக்கங்க, போன்ல இருக்கும்போது யோசிக்கக் கூடாது.

படி 9: ரிப்போர்ட்டும், சைன் ஆகாம போனவங்களும்

ரிப்போர்ட் ஒரு பக்கம் தாண்டக் கூடாது. பேரு, பிறந்த தேதி, உயரம், எடை, எந்தக் கையால ஷூட் பண்ணுவான், எத்தனை தடவ நேர்ல பாத்தேன். விட்ட காரணம் ஒரு வரி, அது இன்னும் இருக்கா இல்லையானு நாலு வரி, கண்ணால பாத்த சம்பவத்தோட. என்ன வேலைக்கு, எத்தனை வருஷத்துல. கடைசியா மூணுல ஒண்ணு: கான்ட்ராக்ட் கொடுக்கலாம், ஜூலை டெவலப்மென்ட் கேம்ப்புக்குக் கூப்பிடலாம், ஏ.ஹெச்.எல் கான்ட்ராக்ட் போதும். "கவனிக்கலாம்"னு மட்டும் எழுதுறது ரிப்போர்ட்டே இல்ல.

அந்த மூணாவது வழிய சாதாரணமா நினைக்காதீங்க, ஏ.ஹெச்.எல் கான்ட்ராக்ட் 50 பேர் கணக்குல வராது. பாபி மெக்மேன் கோல்கேட்ல நாலு வருஷம் ஆடினார், 2020-ல டொரான்டோவோட ஏ.ஹெச்.எல் டீம் மார்லீஸ்தான் எடுத்தாங்க, ஈ.சி.ஹெச்.எல் வரைக்கும் இறங்கிப் போயிட்டு வந்தார், 2022-லதான் என்.ஹெச்.எல் கான்ட்ராக்ட், 2024-25-ல மேப்பிள் லீஃப்ஸுக்கு 20 கோல். மேசன் மார்ச்மென்டும் மார்லீஸ், ஈ.சி.ஹெச்.எல்-னு அதே படிக்கட்டுல ஏறி வந்தவர்தான். 124 பாயின்ட் அடிச்ச கூர்ட் கூட ஏ.ஹெச்.எல், ஈ.சி.ஹெச்.எல்-னு அலைஞ்சு 2014-லதான் டாம்பா கண்ணுல பட்டார், அப்புறம் அவங்களோட ரெண்டு கப் ஜெயிச்சார். அதனால ஏப்ரல்ல யாரும் சைன் பண்ணலன்னு உங்க நோட்டுல இருக்கிற பேர அடிச்சிடாதீங்க, அக்டோபர்ல ஏ.ஹெச்.எல், ஈ.சி.ஹெச்.எல் ரோஸ்டர் வந்ததும் அந்தப் பேரு எந்த ஊர்ல இருக்குனு தேடி, நவம்பர்லயே ஒரு சனிக்கிழமை போய் மூணாவது பீரியட் பாத்திட்டு வாங்க.